கூட வர்றது யாரு? – குழந்தைகளும் விமானப் பயண விதிகளும்

(ஒலி வடிவத்தில் பேசியதைச் சுருக்கி, வாசிக்க வசதியாகத் திருத்திய எழுத்து வடிவம்.)

நம்ம ஊர்ல ஒரு பழக்கம் உண்டு. பாண்டியன் எக்ஸ்பிரஸ்ல பத்து வயசுப் பையனை ஏத்திவிட்டு, எதிர் பெர்த்ல உட்கார்ந்திருக்கிற அம்மாகிட்ட, "தனியா போறான், கொஞ்சம் பாத்துக்கங்க. காலையில எழும்பூர்ல அவங்க மாமா வந்து கூப்பிட்டுக்குவார்"ன்னு சொல்லிட்டு இறங்கிடுவோம். அந்த அம்மாவும் ராத்திரி பூரா பார்த்துக்குவாங்க. அவங்க பேரு என்னன்னுகூட நமக்குத் தெரியாது. ஆனா வேலை நடந்துடும்.

இதே வேலையை விமானத்துல செய்ய முடியாது. ஏன் முடியாதுங்கிறதுதான் இன்னைக்கு விஷயம்.

திருமங்கலத்துல இருந்து ஒரு நேயர் கேள்வி அனுப்பியிருந்தார். அவரோட அக்காவுக்கு ரெண்டு பிள்ளைங்க. பெரியவளுக்கு 13, சின்னவனுக்கு 7. மே மாசம் லீவுல ரெண்டு பேரையும் மதுரையில இருந்து சென்னைக்குத் தனியா ஃப்ளைட்ல அனுப்பி, சித்தி வீட்டுல ஒரு வாரம் இருக்க வைக்கணும். அப்புறம் தாத்தா கூட துபாய்க்கு அனுப்பணும், அப்பா அங்கதான் வேலை பார்க்கிறார். "என்னென்ன டாக்குமென்ட் வேணும்?"னு ஒரே வரியில முடிச்சுட்டார். ஆனா அந்த ஒரு வரிக்குள்ள நாலு கேள்வி இருக்கு. நாலுமே சுத்தி சுத்தி ஒரே இடத்துலதான் வந்து நிக்கும்: இந்த நிமிஷம் இந்தப் பிள்ளைக்கு யாரு பொறுப்பு, அதை எந்தக் காகிதம் சொல்லுது?

முதல்ல வயசு. சட்டப்படி 18 முடியுற வரைக்கும் மைனர். ஆனா விமான நிறுவனத்துக்கு 18ங்கிற எண் அவ்வளவு முக்கியம் இல்ல. அவங்களுக்கு 2, 5, 12 இந்த மூணும்தான் கணக்கு. 2 வயசு முடியாத குழந்தை மடியில உட்காரலாம். 2 முடிஞ்சா தனி சீட்டு, பெல்ட்டு எல்லாம் கட்டாயம். நம்ம உள்நாட்டு மலிவுக் கட்டண விமானங்கள்ல பெரும்பாலும் டிக்கெட் விலையும் பெரியவங்களுக்கு உள்ளதுதான். 12 வரைக்கும் குழந்தை. 12 முடிஞ்சா டிக்கெட் கணக்குல பெரியவர். வயசைப் பயணம் பண்ற தேதிக்குத்தான் பார்ப்பாங்க, டிக்கெட் எடுத்த தேதிக்கு இல்ல. போகும்போது 1 வயசு 11 மாசம், திரும்பும்போது பிறந்தநாள் தாண்டிடுச்சுன்னா, திரும்புற பயணத்துக்கு சீட்டு வாங்கியாகணும். ஒரு பெரியவர் மடிக்கு ஒரு குழந்தைதான். இரட்டைக் குழந்தைகளைத் தனியாத் தூக்கிட்டுப் போற அம்மா, ஒருத்தனுக்குச் சீட்டு எடுக்கணும், இல்லன்னா இன்னொரு பெரியவர் கூட வரணும்.

ஒரே வரிசையில ரெண்டு கைக்குழந்தைங்களை உட்கார விடாம, "வேற வரிசைக்கு மாறுங்க"ன்னு விமானத்துல சொல்லிப் பார்த்திருப்பீங்க. நிறைய பேர் அதைக் கெடுபிடின்னு நினைக்கிறாங்க. காரணம் தலைக்கு மேல இருக்கு. ஏர்பஸ் ஏ320 மாதிரி விமானத்துல ஒரு பக்கம் மூணு சீட்டுன்னா, மேலே பொதுவா நாலு ஆக்ஸிஜன் முகமூடி இருக்கும். அந்த நாலாவதுதான் மடிக்குழந்தைக்கு. ரெண்டாவது மடிக்குழந்தை வந்தா முகமூடி பத்தாது.

சரி, மடியில வச்சுக்கிறது பாதுகாப்பா? நேர்மையா சொன்னா, சீட்டுல பெல்ட் போட்டு இருக்கிற அளவுக்குப் பாதுகாப்பு இல்ல. 1989 ஜூலை 19-ல அமெரிக்காவுல யுனைடெட் நிறுவனத்தோட 232-ம் எண் விமானம், டென்வர்ல இருந்து சிகாகோ போற வழியில எஞ்சின் உடைஞ்சு, சூ சிட்டியில விழுந்தது. அதுல மடிக்குழந்தைங்க நாலு பேர். விழப்போகுதுன்னு தெரிஞ்சதும், தலைமைப் பணிப்பெண் ஜான் பிரவுன், அப்போ இருந்த விதிமுறைப்படி, குழந்தைகளைப் போர்வையில சுத்தித் தரையில வைக்கச் சொன்னாங்க. நாலு பேர்ல ஒரு குழந்தை இறந்துபோச்சு. அதுக்கப்புறம் அந்தம்மா பல வருஷம், குழந்தைகளுக்கும் சீட்டு கட்டாயமாக்கணும்னு போராடினாங்க. விபத்து விசாரணை வாரியமும் அதையேதான் சொன்னது. ஆனா அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையம் மறுத்துடுச்சு. அவங்க சொன்ன காரணம் எனக்கு ரொம்ப நாளா மனசுல ஓடிக்கிட்டே இருக்கு: குழந்தைக்கும் டிக்கெட் வாங்கணும்னா, செலவு கட்டுப்படி ஆகாம நிறைய குடும்பங்க காருல கிளம்பிடும், ரோட்டுல சாவு இன்னும் அதிகமாகும். கேட்கக் கொடூரமா இருக்கு. ஆனா மதுரையில இருந்து சென்னைக்கு நாலு வழிச்சாலையில ராத்திரி கார் ஓட்டிட்டுப் போன யாரும் அந்தக் கணக்கைத் தப்புன்னு சட்டுனு சொல்லிட மாட்டாங்க. அதனாலதான் 2 வயசு விதி இன்னும் அப்படியே இருக்கு. கையில காசு இருந்தா, கைக்குழந்தைக்கும் சீட்டு வாங்குங்கங்கிறதுதான் என் கருத்து.

இன்னொண்ணு, குழந்தை ஏன் இறங்கும்போது வீறிட்டு அழுதுன்னா, காது. மேல பறக்கும்போது உள்ள இருக்கிற காத்தழுத்தம், கிட்டத்தட்ட 6,000-லிருந்து 8,000 அடி உயர மலையில இருக்கிற மாதிரி. கொடைக்கானல் உச்சியில உட்கார்ந்திருக்கோம்னு வச்சுக்கங்க. இறங்கும்போது அழுத்தம் கூடுது, காதுக்கும் தொண்டைக்கும் நடுவுல இருக்கிற குழாய் குழந்தைக்கு ரொம்பச் சின்னது, சட்டுனு திறக்காது. எதையாவது விழுங்கினா திறக்கும். அதனால பால் கொடுக்கிறதை இறங்க ஆரம்பிக்கிற நேரத்துக்கு வச்சுக்கங்க.

இப்போ அடையாள அட்டை. உள்நாட்டுப் பயணத்துக்கு, 2017 அக்டோபர்ல விமானப் போக்குவரத்துப் பாதுகாப்புப் பிரிவு ஒரு தெளிவு கொடுத்தது. செல்லுபடியாகிற அடையாள அட்டை வச்சிருக்கிற அப்பாவோ அம்மாவோ கூட வந்தா, குழந்தைக்குத் தனியா அடையாள அட்டை வேண்டியதில்ல. இதைப் படிச்சுட்டு நிறைய பேர் "குழந்தைக்கு ஒண்ணும் வேண்டாம்"னு முடிவு பண்ணிடுறாங்க. ரெண்டு வார்த்தையை விட்டுடுறாங்க: அப்பா, அம்மா. தாத்தா இல்ல, அப்பத்தா இல்ல, சித்தப்பா இல்ல. நம்ம வீட்டுல தாய்மாமனுக்கு இருக்கிற உரிமை வேற எவனுக்கும் கிடையாது, மொட்டை போட்டுக் காது குத்துறதே அவர் மடியில வச்சுத்தான். ஆனா பெருங்குடி விமான நிலைய வாசல்ல துப்பாக்கியோட நிக்கிற மத்தியப் படைக்காரருக்குத் தாய்மாமன்னா இன்னொரு பயணி, அவ்வளவுதான். அதனால யார் கூட வந்தாலும் பிள்ளையோட ஆதாரைக் கையில வச்சுக்கங்க. மடிக்குழந்தைக்கு வயசைக் காட்ட விமான நிறுவனம் பிறப்புச் சான்றிதழ் கேட்கும், அதுவும் வேணும்.

ஆதார்ல ஒரு சிக்கல். 5 வயசுக்குள்ள எடுத்த நீல நிற ஆதார்ல கைரேகை, கருவிழி எதுவும் இருக்காது, வெறும் போட்டோதான். 5 வயசுலயும் 15 வயசுலயும் புதுப்பிக்கணும். 13 வயசுப் பொண்ணு தனியா போறா, கையில இருக்கிற ஆதார்ல தொட்டில்ல படுத்திருக்கிற குழந்தை போட்டோ. அதை வச்சு யாரு என்ன சரிபார்க்கிறது? சரி ஸ்கூல் அட்டை இருக்கேன்னா, அந்தப் பட்டியல்ல இருக்கிறது அரசு நிறுவனங்கள் கொடுத்த மாணவர் அட்டை. எல்லாத் தனியார் ஸ்கூல் அட்டையும் செல்லும்னு நம்பிப் போகாதீங்க. லீவுக்கு முன்னாடியே ஆதாரைப் புதுப்பிச்சுடுங்க.

சீட்டு பத்தி வேகமா சொல்லிடுறேன். 2024 ஏப்ரல்ல டி.ஜி.சி.ஏ., அதாவது சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம், ஒரு உத்தரவு போட்டது. 12 வயசு வரைக்கும் உள்ள குழந்தைக்கு, அதே பி.என்.ஆர்.ல வர்ற அப்பா, அம்மா அல்லது காப்பாளர் ஒருத்தர் பக்கத்துல சீட்டு ஒதுக்கணும். ஜன்னல் சீட்டுக்குக் காசு கொடுக்கலைங்கிறதுக்காக 6 வயசுக் குழந்தையை எட்டு வரிசை தள்ளி உட்கார வைக்கக் கூடாது. "அதே பி.என்.ஆர்."ங்கிறது முக்கியம். ஆஃபர்ல ரெண்டு தனித்தனி டிக்கெட்டா எடுத்தீங்கன்னா இந்த உத்தரவு உங்களுக்கு உதவாது.

தனியா அனுப்புறதுக்கு வருவோம். 5 வயசுக்குக் கீழ தனியா அனுப்பவே முடியாது. 5 முடிஞ்சு 12 ஆகாத பிள்ளை தனியா போகணும்னா, பெரும்பாலான நம்ம நிறுவனங்கள்ல "துணையில்லாச் சிறார்"ங்கிற சேவையை எடுத்தாகணும். இணையத்துல சும்மா டிக்கெட் போட முடியாது, குழந்தை மட்டும் போறதா பதிவு பண்ணினா தளமே நிறுத்திடும். வாடிக்கையாளர் சேவைக்குப் பேசணும், தனிக் கட்டணம் கட்டணும். கட்டணம் நிறுவனத்துக்கு நிறுவனம் வேற, அடிக்கடி மாறவும் செய்யும், அதனால இங்க எண் சொல்லலை.

அந்தச் சேவையில நடக்கிறதைப் பார்த்தா பாண்டியன் எக்ஸ்பிரஸ்ல நாம செய்றதேதான், எழுத்துல நடக்குது. ஒரு படிவம். அதுல, கொண்டுவந்து விடுறவர் பேரு, போன் நம்பர், அடையாள அட்டை எண். அந்தப் பக்கம் கூப்பிட வர்றவர் பேரு, போன், அடையாள அட்டை எண். இங்க ஊழியர் கையெழுத்துப் போட்டுப் பிள்ளையை வாங்குறார். விமானத்துல பணிப்பெண்கிட்ட ஒப்படைக்கிறார். அங்க இறங்கினதும் இன்னொரு ஊழியர் வாங்கி, படிவத்துல பேரு இருக்கிற ஆளோட அட்டையைப் பார்த்து, கையெழுத்து வாங்கிட்டு விடுறார். கையிலிருந்து கைக்கு, ஒவ்வொரு கைமாறுதலுக்கும் ஒரு கையெழுத்து. சாஃப்ட்வேர்ல நாங்க இதைத்தான் தணிக்கைப் பதிவுன்னு சொல்லுவோம். எந்த நிமிஷத்துல கேட்டாலும் "இப்போ யார் கையில இருக்கு"ங்கிறதுக்கு ஒரே ஒரு பேரு பதிலா வரணும்.

இதுல நம்ம ஆளுங்க எங்க மாட்டுவாங்கன்னா, கடைசிக் கையில. படிவத்துல சித்தி பேரு கொடுத்திருப்போம். அன்னைக்குன்னு பார்த்து சித்திக்கு ஆபீஸ்ல வேலை. "நீங்க போய்க் கூப்பிட்டு வாங்க"ன்னு சித்தப்பா மீனம்பாக்கம் வந்து நிப்பார். பையன் ஓடிப்போய் "சித்தப்பா"ன்னு கட்டிப் பிடிச்சாலும் விட மாட்டாங்க, விடவும் கூடாது. நீங்க கோபப்படலாம். ஆனா அதே விதிதான், பையனுக்குத் தெரிஞ்ச, ஆனா நீங்க அனுப்பாத ஒரு ஆள் வந்து கூப்பிட்டாலும் விடாம நிறுத்தும். ஆள் மாறினா, பிள்ளை கிளம்புறதுக்கு முன்னாடியே நிறுவனத்துக்குச் சொல்லிப் படிவத்தை மாத்துங்க. விட வந்தவரும், விமானம் கிளம்புற வரைக்கும் விமான நிலையத்தை விட்டுப் போகாதீங்க. ஏறாம நிறுத்தி வச்சாலோ, ரத்து ஆனாலோ, பிள்ளையைத் திரும்ப வாங்க ஆள் வேணும். இறங்கி வேற விமானம் மாறுற பயணத்துக்குப் பல நிறுவனங்க இந்தச் சேவையே தர்றதில்ல, நேர் விமானமா பாருங்க.

திருமங்கலம் நேயருக்கு, சென்னைப் பயணத்துக்கான பதில் இதுதான். 13 வயசுப் பொண்ணு தன்னோட அடையாள அட்டையோட தனியா போகலாம், விருப்பப்பட்டா துணைச் சேவை கேட்கலாம். ஆனா அவ 7 வயசுத் தம்பிக்குத் துணை ஆக மாட்டா. வீட்டுல அவதான் அவனுக்குச் சோறு ஊட்டுறாளா இருக்கும், ஹோம்வொர்க் சொல்லிக் கொடுக்கிறாளா இருக்கும். கூட வர்ற துணைன்னு நிறுவனங்க பொதுவா ஏத்துக்கிறது 18 முடிஞ்சவங்களை. அதனால தம்பிக்குத் துணையில்லாச் சிறார் சேவை வேணும், அல்லது தாத்தாவே சென்னை வரைக்கும் கூடப் பறக்கணும். தாத்தா வந்தா ரெண்டு பிள்ளைங்க ஆதாரும் கையில.

துபாய்ப் பயணம் வேற விளையாட்டு. முன்னாடியெல்லாம் அப்பா அம்மா பாஸ்போர்ட்லயே பிள்ளை பேரைச் சேர்த்துடுவாங்க. இப்போ பிறந்த குழந்தைக்கும் தனி பாஸ்போர்ட். மைனர் பாஸ்போர்ட் 5 வருஷம், இல்லன்னா 18 வயசு ஆகிற வரைக்கும், எது முந்தியோ அது. 15 முடிஞ்சவங்க விரும்பினா 10 வருஷ பாஸ்போர்ட் வாங்கலாம். கட்டணம் 1,000 ரூபாய், 8 வயசுக்குள்ள புதுசா விண்ணப்பிச்சா 10 சதவீதம் தள்ளுபடி. பல நாடுகள் உள்ளே வர 6 மாசம் செல்லுபடி மிச்சம் இருக்கணும்னு கேட்கும். அப்படிப் பார்த்தா 5 வருஷ பாஸ்போர்ட் நடைமுறையில நாலரை வருஷம்தான். இதை மறந்துட்டு ஏப்ரல்ல முழிக்கிற குடும்பங்க நிறைய.

2023 அக்டோபர் 1-க்கு அப்புறம் பிறந்த குழந்தைகளுக்குப் பிறந்த தேதி ஆதாரமா பிறப்புச் சான்றிதழ் மட்டும்தான் செல்லும். 2025 பிப்ரவரியில பாஸ்போர்ட் விதியைத் திருத்தி இதைக் கொண்டுவந்தாங்க. நம்ம பக்கம் ஆஸ்பத்திரியில பிறந்தவுடனே பதிவு ஆகிடும், ஆனா அப்போ குழந்தைக்குப் பேரு வச்சிருக்க மாட்டோம். ஜாதகம் பார்த்து, குலதெய்வம் கோயிலுக்குப் போய்ப் பேரு வைக்க மாசக்கணக்கு ஆகும். சான்றிதழ்ல பேரு இடம் காலியாவே கிடக்கும். பிறந்து 12 மாசத்துக்குள்ள பேரைக் கட்டணம் இல்லாம சேர்க்கலாம், அதுக்கு மேல 15 வருஷம் வரைக்கும் தாமதக் கட்டணத்தோட சேர்க்கலாம். பேரு இல்லாத சான்றிதழை வச்சுக்கிட்டு ரேஸ்கோர்ஸ் பக்கம் பாஸ்போர்ட் அலுவலகத்துக்கு அலையாதீங்க, முதல்ல மாநகராட்சியிலயோ பேரூராட்சியிலயோ பேரைச் சேருங்க.

அடுத்து, மைனருக்கு யாரு கையெழுத்துப் போடுறது. ரெண்டு பேரும் இருந்தா அப்பா அம்மா ரெண்டு பேரும் இணைப்பு ‘டி’ங்கிற உறுதிமொழியில போடணும். ஒருத்தர் சம்மதம் கிடைக்கலை, பிரிஞ்சு இருக்காங்கன்னா இணைப்பு ‘சி’. அதுல ஒருத்தர் மட்டும் காரணத்தைச் சொல்லிக் கையெழுத்துப் போடலாம். 2016 டிசம்பர்ல விதியைத் தளர்த்தினப்போ, இந்த உறுதிமொழியெல்லாம் வெள்ளைத்தாள்ல எழுதினா போதும், நோட்டரி வேண்டாம்னு ஆக்கிட்டாங்க. விண்ணப்பத்துல அப்பா, அம்மா ரெண்டு பேர்ல ஒருத்தர் பேரு இருந்தாலே போதும்னும் ஆனது. இது தனியா பிள்ளை வளர்க்கிற அம்மாக்களுக்கு எவ்வளவு பெரிய விஷயம்னு அவங்களைக் கேட்டாத்தான் தெரியும். அப்பா வளைகுடாவுல இருந்தா, அங்க இருக்கிற இந்தியத் தூதரகம் மூலமா கையெழுத்துப் போட்டு அனுப்பி வைக்கிறது வழக்கம். சிவகங்கை, ராமநாதபுரம் பக்கம் இது தெரியாத வீடு கம்மி.

இந்த இடத்துல ஒரு வழக்கைச் சொல்லாம போக முடியாது. கோயம்புத்தூர்ல பிறந்த எழுத்தாளர் கீதா ஹரிஹரன், 1984-ல தன் மகன் பேர்ல ரிசர்வ் வங்கி பத்திரம் வாங்க விண்ணப்பிச்சாங்க, காப்பாளர் இடத்துல அம்மாவா தானே கையெழுத்துப் போட்டு. வங்கி, அப்பா கையெழுத்து வேணும்னு திருப்பி அனுப்பிடுச்சு. 1956-ம் வருஷத்து இந்து மைனர் காப்பாளர் சட்டத்துல, மைனருக்கு இயற்கைக் காப்பாளர் அப்பா, "அவருக்குப் பிறகு" அம்மான்னு இருந்தது. உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய், 1999 பிப்ரவரியில தீர்ப்பு வந்தது. "அவருக்குப் பிறகு"ன்னா அவர் செத்த பிறகுன்னு அர்த்தம் இல்ல, அவர் இல்லாத நேரம், அவர் கவனிக்காத நிலைன்னும் எடுத்துக்கணும்னு நீதிமன்றம் சொன்னது. அம்மா உயிரோட, பக்கத்துல நிக்கிறப்போ, எங்கேயோ இருக்கிற அப்பா கையெழுத்துக்காகப் பிள்ளை காத்திருக்கிற நிலைமை அந்த ரெண்டு வார்த்தைக்கு அர்த்தம் சொன்னதுல கொஞ்சம் மாறிச்சு. இன்னைக்கு இணைப்பு ‘சி’யில ஒரு அம்மா தனியா கையெழுத்துப் போடும்போது, இந்த மாதிரி வழக்குகள் போட்ட பாதையிலதான் நடக்கிறாங்க.

இனி, தமிழனுக்குன்னே பிரத்தியேகமா இருக்கிற தலைவலி: இனிஷியல். நமக்குக் குடும்பப் பேரு கிடையாது. தாத்தா கருப்பையா. அப்பா க. முத்துக்குமார். பொண்ணு மு. யாழினி. பாஸ்போர்ட்ல இனிஷியல் போட முடியாது, விரிச்சு எழுதணும். அப்போ அப்பா முத்துக்குமார் கருப்பையா, பொண்ணு யாழினி முத்துக்குமார். அம்மா கல்யாணத்துக்கு முன்னாடியே பாஸ்போர்ட் எடுத்திருந்தா, செல்வி ராமசாமி. ஒரே வீட்டுல மூணு குடும்பப் பேரு. நமக்கு இது தெள்ளத் தெளிவு, பேரைப் பார்த்தாலே யார் மகன் யார் மகள்னு சொல்லிடலாம். ஆனா வெளிநாட்டுக் குடியேற்ற அதிகாரி கண்ணுக்கு, கருப்பையாங்கிறவர் முத்துக்குமார்ங்கிற குடும்பத்துப் பிள்ளையை எங்கேயோ கூட்டிட்டுப் போறார். கேள்வி கேட்கிறது அவர் வேலை. பெற்றோர் பேரு அச்சிட்ட பாஸ்போர்ட்னா கடைசிப் பக்கத்தைக் காட்டலாம். அதோட பிறப்புச் சான்றிதழையும் கையோட வச்சுக்கங்க, உறவைச் சொல்றது அந்தக் காகிதம்தான்.

குடும்பப் பேரே போடாம ஒத்தைப் பேரா பாஸ்போர்ட் எடுத்த பிள்ளைங்களுக்கு வேற சிக்கல். 2022 நவம்பர்ல ஐக்கிய அரபு அமீரகம், ஒற்றைப் பேரு மட்டும் இருக்கிற பாஸ்போர்ட்டோட சுற்றுலா விசாவுல வர்றவங்களை அனுமதிக்க மாட்டோம்னு சொன்னது. அப்புறம், பாஸ்போர்ட்டோட இன்னொரு பக்கத்துல அப்பா பேரோ குடும்பப் பேரோ இருந்தா ஏத்துக்குவோம்னு தளர்த்தினாங்க. புதுசா எடுக்கிறவங்க முதல்லயே குடும்பப் பேரு இடத்துல அப்பா பேரையோ அம்மா பேரையோ போட்டுடுங்க. டிக்கெட் தளத்துல "கடைசிப் பேரு"க்கு மேல சிவப்பு நட்சத்திரம் போட்டு, கட்டாயம்னு வச்ச புண்ணியவான் என் தொழில்காரன்தான். அவன் பாஸ்போர்ட்லயும் அநேகமா அவங்க அப்பா பேருதான் கடைசிப் பேரா இருக்கும்.

அப்போ தாத்தா கூட துபாய் போற பிள்ளைங்களுக்கு என்ன வேணும்? பாஸ்போர்ட், விசா, பிறப்புச் சான்றிதழ். அதோட ஒரு சம்மதக் கடிதம். எல்லா நாடும் இதைக் கட்டாயம்னு கேட்கிறது இல்ல. ஆனா கேட்டா, அந்த நேரத்துல கவுன்ட்டர் முன்னாடி நின்னு எழுத முடியாது. அப்பா அம்மா ரெண்டு பேர் பேரும், பிள்ளைங்க பேரும் பாஸ்போர்ட் எண்ணும், தாத்தா பேரும் அவர் பாஸ்போர்ட் எண்ணும், என்ன உறவு, எந்தத் தேதி போய் எந்தத் தேதி வர்றாங்க, அங்க எங்க தங்குறாங்க, போன் நம்பர். ரெண்டு பேர் கையெழுத்து. ஆங்கிலத்துல இருக்கட்டும். இதுக்கு மட்டும் கோர்ட் பக்கம் போய் நோட்டரி முத்திரை வாங்கிடுங்க, சில நாடுகளோட விசாவுக்கே முத்திரை இருக்கிற கடிதம் கேட்பாங்க. கையெழுத்துப் போட்ட பெற்றோரோட பாஸ்போர்ட் நகலையும் சேர்த்து வச்சுக்கங்க.

அப்பா அம்மாவுல ஒருத்தர் மட்டும் கூட்டிட்டுப் போகும்போதும் சில நாடுகள் இதே கடிதத்தைக் கேட்கும். காரணம், உலகத்துல நிறையப் பிள்ளைக் கடத்தல் அப்பாவோ அம்மாவோ செய்றதுதான். பிரிஞ்ச பிறகு ஒருத்தர் பிள்ளையைத் தூக்கிட்டு வேற நாட்டுக்குப் போயிடுறது. அப்படிப் போன பிள்ளையைத் திருப்பி அனுப்ப 1980-ல ஹேக் நகர ஒப்பந்தம்னு ஒண்ணு வந்தது. இலங்கையும் சிங்கப்பூரும் அதுல இருக்கு, இந்தியா இல்ல. அதனால வெளிநாட்டுல விவாகரத்து வழக்கு நடக்கிற வீட்டுல, "லீவுக்கு ஊருக்குக் கூட்டிட்டுப் போறேன்"னு சொன்னாலே நீதிபதி யோசிப்பார். வழக்கு நடக்குதுன்னா கடிதத்தோட நிக்காதீங்க, பயணத்துக்கு நீதிமன்ற அனுமதியே வாங்கிடுங்க.

கடைசியா ஒரு விஷயம், காகிதம் எல்லாம் சரியா இருந்தும் பிள்ளை ஏற முடியாம போன கதை. 2022 மே 7, ராஞ்சி விமான நிலையம். ஹைதராபாத் போக வேண்டிய இண்டிகோ விமானம். மாற்றுத்திறனாளிச் சிறுவன் ஒருத்தன் பதற்றத்துல இருந்தான். மத்தப் பயணிகளுக்கு ஆபத்துன்னு சொல்லி அவனை ஏத்த மறுத்துட்டாங்க. பிள்ளையை விட்டுட்டு எந்த அப்பா அம்மா போவாங்க? அவங்களும் ஏறலை. அங்க இருந்த சக பயணிகள் பிள்ளைக்காகப் பேசியும் நடக்கலை. அது இணையத்துல பரவி நாடே பேசிச்சு. டி.ஜி.சி.ஏ. விசாரிச்சு, கனிவா நடந்திருந்தா பிள்ளை அமைதியாகியிருப்பான்னு சொல்லி, மே 28-ல நிறுவனத்துக்கு 5 லட்சம் ரூபாய் அபராதம் போட்டது. அதே வருஷம் விதியையும் திருத்தினாங்க. மாற்றுத்திறனைக் காரணம் காட்டி யாரையும் ஏத்த மறுக்கக் கூடாது. பறக்கும்போது உடல்நிலை மோசமாகலாம்னு நிறுவனம் நினைச்சா, விமான நிலையத்துல டாக்டர் நேர்ல பார்த்து, எழுத்துல கருத்துச் சொல்லணும். அதை வச்சுத்தான் முடிவு எடுக்கணும்.

ஆட்டிசம் மாதிரி நிலையில இருக்கிற பிள்ளைங்களோட பெற்றோர் இந்த விதியைத் தெரிஞ்சு வச்சுக்கணும். கவுன்ட்டர்ல ஒருத்தர் "முடியாது"ன்னு சொன்னா, "டாக்டர் பார்த்து எழுதிக் கொடுக்கட்டும்"னு கேட்கிற உரிமை உங்களுக்கு இருக்கு. சக்கர நாற்காலியோ வேற உதவியோ வேணும்னா 48 மணி நேரத்துக்கு முன்னாடியே நிறுவனத்துக்குச் சொல்லிடுங்க. மதுரை விமான நிலையம் சின்னது, அந்த அளவுக்கு நல்லது. கூட்டம், சத்தம், நடை எல்லாம் சென்னையை விடக் கம்மி. முதல் தடவை பறக்கிற பிள்ளையை இங்க இருந்து ஒரு குட்டிப் பயணத்துல பழக்குறது நல்ல யோசனைன்னு நினைக்கிறேன்.

வெளிநாட்டுல பிறந்து ஓ.சி.ஐ. அட்டை வச்சிருக்கிற பிள்ளைங்களைப் பத்தி கனடாவுல இருந்தும் சிங்கப்பூர்ல இருந்தும் கேட்டிருந்தீங்க. அது தனி எபிசோடு அளவுக்குப் பெருசு, அடுத்த தடவை பேசுவோம்.